30 பேரும் பொய்யா சொல்வாங்க? யுஎஃப்ஓ விசாரணையில் சாட்சிகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

வானத்தில் மர்மப் பொருளைப் பார்த்ததாக ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். ஒருவரையொருவர் தெரியாத 30 பேர், வெவ்வேறு ஊர்களில் இருந்து ஒரே மாதிரி சொன்னால்? "இத்தனை பேரும் பொய்யா சொல்வாங்க?" என்ற கேள்வி வரும். கனடாவில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல பதில் சொல்கிறது.

யூகானில் நடந்தது என்ன?

1996 டிசம்பர் 11. கனடாவின் வடமேற்கில் உள்ள யூகான் பகுதி. கிளாண்டைக் நெடுஞ்சாலையை ஒட்டிய ஃபாக்ஸ் லேக், கார்மேக்ஸ், பெல்லி கிராஸிங் போன்ற இடங்களில் இருந்தவர்கள், இரவு வானில் வரிசையாக விளக்குகளுடன் பிரம்மாண்டமான ஒன்று சத்தமே இல்லாமல் மெதுவாக நகர்ந்ததைப் பார்த்தார்கள். கால்பந்து மைதானத்தைவிடப் பெரியது என்றார்கள் சிலர். தலைக்கு மேலேயே போனது என்றார்கள் வேறு சிலர்.

பின்னர் மார்ட்டின் ஜாசெக் என்ற யுஎஃப்ஓ ஆய்வாளர், 30-க்கும் மேற்பட்ட சாட்சிகளின் தகவல்களைத் திரட்டினார். உலகின் வலுவான யுஎஃப்ஓ வழக்குகளில் ஒன்றாக இது பேசப்பட்டது.

மர்மம் உடைந்தது எப்படி?

2012-ல் கனடாவைச் சேர்ந்த செயற்கைக்கோள் கண்காணிப்பாளர் டெட் மோல்சன் விடையைக் கண்டுபிடித்தார். அதே நாளில் ரஷ்யா காஸ்மோஸ் 2335 செயற்கைக்கோளை ஏவியிருந்தது. அந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு வளிமண்டலத்துக்குள் திரும்ப நுழைந்து, துண்டு துண்டாக எரிந்தபடி யூகான் வானைக் கடந்திருக்கிறது. சாட்சிகள் பார்த்தது அதைத்தான். தலைக்கு மேலே அல்ல, பல பத்து கிலோமீட்டர் உயரத்தில்!

அப்போ சாட்சிகள் பொய் சொன்னார்களா?

இல்லை. எல்லோருமே உண்மையாக ஒன்றைப் பார்த்தார்கள். சிக்கல் மூளையில் இருக்கிறது. இருட்டில் சில ஒளிப்புள்ளிகள் ஒன்றாக நகர்ந்தால், அவற்றை ஒரே பொருளின் ஜன்னல்கள் என மூளை இணைத்துக்கொள்ளும். ஒப்பிட்டுப் பார்க்க மரமோ கட்டடமோ இல்லாத வானில் தூரத்தைக் கணிக்கவும் முடியாது. தூரம் தப்பினால் அளவும் தப்பும், வேகமும் தப்பும்.

தண்ணீரில் பாதி மூழ்கிய குச்சி வளைந்துதான் தெரியும். 30 பேர் தனித்தனியாக வந்து பார்த்தாலும் வளைந்துதான் தெரியும். தனித்தனி சாட்சிகள் இருந்தால், கூட்டாகக் கதை கட்டினார்கள் என்ற சந்தேகம் தீரும். ஆனால் எல்லார் கண்ணுக்கும் பொதுவான பிழை தீராது.

இது முதல் முறையா?

இல்லை. 1968 மார்ச் 3 இரவு, சோவியத் யூனியனின் ஸோண்ட் 4 விண்கலத்தை ஏவியதில் மிஞ்சிய பாகங்கள் அமெரிக்க வானில் எரிந்து விழுந்தன. பல மாநிலங்களில் மக்கள் பார்த்தார்கள். எரியும் துண்டுகள் என்று சரியாகச் சொன்னவர்களும் உண்டு. ஜன்னல்கள் கொண்ட சுருட்டு வடிவக் கலம் என்று சொன்னவர்களும் உண்டு. அமெரிக்க விமானப்படை நிதியில் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்திய யுஎஃப்ஓ ஆய்வில், வானியலாளர் வில்லியம் ஹார்ட்மன் இதை விரிவாக அலசினார். இல்லாத கலத்தை மனம் வரைந்துகொள்வதற்கு 'வான்கப்பல் விளைவு' என்று பெயர் வைத்தார்.

நினைவும் மாறுமா?

மாறும். 1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் கார் விபத்துப் படங்களைக் காட்டி, கார்களின் வேகம் என்ன என்று கேட்டார்கள். "மோதியபோது" என்று கேட்டவர்களைவிட, "நொறுங்க மோதியபோது" என்று கேட்டவர்களுக்கு அதிக வேகம் பதிலாகக் கிடைத்தது. கேள்வியில் ஒரு வார்த்தை மாறினாலே பதில் மாறும் என்றால், வருடங்கள் கழித்து "அந்தக் கலம் எவ்வளவு பெரிசு?" என்று கேட்டால் என்ன ஆகும்? கொலை வழக்கில் கூண்டில் ஏறும் சாட்சிக்கும் இதே கண், இதே மூளைதான்.

அப்போ சாட்சிகளே வேண்டாமா?

வேண்டும். "என்ன அது?" என்பதைவிட எப்போது, எந்தத் திசையில், எவ்வளவு நேரம் தெரிந்தது என்பதே விசாரணைக்குத் தேவை. யூகான் சாட்சிகள் தங்கள் அனுபவத்தைச் சொல்லாமல் போயிருந்தால், அந்த ராக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இருந்திருக்காது. 2023 செப்டம்பரில் வெளியான நாசா நிபுணர் குழு அறிக்கையும், நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலம் மட்டும் போதாது, தரமான கருவிப் பதிவுகள் தேவை என்றே சொன்னது.

அடுத்த முறை வானில் ஏதாவது விநோதமாகத் தெரிந்தால், முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் மரமோ மாடியோ சேர்ந்து தெரியும்படி வீடியோ எடுங்கள். அருகில் இருப்பவரிடம் பேசுவதற்கு முன், பார்த்ததை அப்படியே எழுதி வையுங்கள். அதுதான் நல்ல சாட்சி.