மொபைல் கேமும் கூலித்தறியும்

2022 தொடக்கம். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தியிருந்த நேரம். சோமனூரில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். எப்போதும் தடதடவென்று அதிர்ந்துகொண்டே இருக்கும் தெரு, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் மாதிரிக் கிடந்தது. வேலை இல்லாத நாள் என்பதால் பேச்சு என் தொழில் பக்கம் திரும்பியது.

அப்போது நானும் ஒரு நண்பரும் சரவணம்பட்டியில் ஒரு வாடகை ரூமில் உட்கார்ந்து மொபைல் கேம் செய்துகொண்டிருந்தோம். வெளிநாட்டு பப்ளிஷர் ஒருவருக்குப் பத்து நாளைக்கு ஒரு மாதிரி கேம் செய்து அனுப்புவோம். அவர்கள் சோதித்துப் பார்த்து, பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் அடுத்தது. இதை நான் பெருமையாகத்தான் விளக்கினேன். சொந்தத் தொழில், யாருக்கும் கீழே வேலை இல்லை என்று சொன்னேன்.

சித்தப்பா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏஞ்சாமி, பாவும் ஊடையும் அவிங்க குடுக்கறாங்க. நீ தறிய ஓட்டித் தர்ற. கூலி எத்தனைன்னும் அவிங்கதான் சொல்றாங்க. அப்பறம் இதுல நீ என்ன மொதலாளி?"

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தத் தொழிலின் பொருளாதாரமே எனக்குப் புரிந்தது. நம்ம ஊர்ப் பையன்கள், பொண்ணுங்க நிறையப் பேர் கல்லூரி முடித்ததும் கேம் செய்யப் போகிறேன் என்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கேம் செய்கிறேன் என்றால் "ரம்மியா தம்பி?" என்று கேட்கிறார்கள். இல்லை. பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் வேறு. அவற்றைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது, 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் சட்டம் கொண்டுவந்தது. நான் பேசுவது கேஷுவல் கேம். பஸ்ஸுக்கு நிற்கும்போது ரெண்டு நிமிஷம் ஆடிவிட்டு மூடி வைக்கிற புதிர், சொல் விளையாட்டு, லூடோ வகை. ஆடுபவர் பெரும்பாலும் காசு எதுவும் கட்டுவதில்லை.

அப்படியானால் வருமானம்? விளம்பரம். ஒரு சுற்று முடிந்ததும் வருகிற விளம்பரம், கூடுதல் குறிப்பு வேண்டும் என்று நீங்களே விரும்பிப் பார்க்கிற விளம்பரம், இப்படி. ஆயிரம் முறை விளம்பரம் காட்டினால் இவ்வளவு என்று கணக்கு. இந்தத் தொகை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக்காரர் ஒருவர் பார்க்கும் விளம்பரத்துக்குக் கிடைப்பதைவிட, அன்னூர்க்காரர் பார்ப்பதற்குக் கிடைப்பது மிகக் குறைவு. விளம்பரம் கொடுப்பவர் பார்ப்பது, ஆடுபவர் எவ்வளவு செலவழிக்கக் கூடியவர் என்பதைத்தான்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் கற்பனை, விகிதம் புரிவதற்காக மட்டும். ஆயிரம் விளம்பரத்துக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உங்கள் கேமை இறக்கி, அலுத்துப்போய் நீக்குவதற்குள் மொத்தம் 40 விளம்பரம் பார்க்கிறார். அவரால் உங்களுக்குக் கிடைத்தது 2 ரூபாய். சரி, அவர் உங்களிடம் எப்படி வந்தார்? ப்ளே ஸ்டோரில் லட்சக்கணக்கான கேம்கள் கிடக்கின்றன, தானாக யாரும் வந்து விழ மாட்டார்கள். நீங்களும் வேறு எங்கேயோ விளம்பரம் கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும். ஒருவரை வரவழைக்க 5 ரூபாய் ஆனால் தலைக்கு 3 ரூபாய் நஷ்டம். கேம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஆள் சேரச் சேர நஷ்டம்தான் கூடும். அதே வரவழைக்கும் செலவு ஒன்றரை ரூபாயாக இருந்தால் தலைக்கு 50 பைசா லாபம். அப்போது எவ்வளவு காசு கொட்டி விளம்பரம் செய்தாலும் லாபம்.

இந்தத் தொழிலின் மொத்த ரகசியமும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு ஆளை வரவழைக்கும் செலவு, அந்த ஆளால் வரும் வருமானம். கேம் செய்வது இதில் சின்னப் பகுதி.

பப்ளிஷர் நுழைவது இங்கேதான். அவரிடம் விளம்பரத்துக்குப் பணம் இருக்கிறது, எந்த விளம்பரம் எங்கே எடுபடும் என்ற அனுபவமும் இருக்கிறது. நீங்கள் மாதிரி கேமை அனுப்பியதும் சிறு தொகைக்கு விளம்பரம் ஓட்டிப் பார்ப்பார். வரவழைக்கும் செலவு எவ்வளவு, இறக்கியவர்களில் எத்தனை பேர் மறுநாள் திரும்பி வந்தார்கள், ஏழாம் நாள் எத்தனை பேர் என்று பார்ப்பார். மறுநாள் திரும்புவோர் 40 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் அடிக்கடி சொல்லப்படும் அளவு. தேறாவிட்டால் ஒரு வரியில் மெயில் வரும். எங்களுக்கு ஏழு முறை வந்தது. எட்டாவது செய்வதற்குள் நண்பருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் கடன் இருந்தது. போகாதே என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

கூலித்தறியிலும் ஏறக்குறைய இதே அமைப்புத்தான். நூல் ஜவுளி உற்பத்தியாளருடையது, சந்தையும் அவருடையது. தறியும் உழைப்பும் மட்டும் நெசவாளருடையது. துணி என்ன விலைக்குப் போகிறது என்பது அவர் கைக்கு வருவதே இல்லை. எங்கள் ஏழு கேம்களுக்கும் வந்த சோதனை எண்களை நாங்கள் முழுதாகப் பார்த்ததில்லை. பப்ளிஷர் கெட்டவர் என்று சொல்லவில்லை. நஷ்டம் வந்தால் அவர்தான் தாங்குகிறார். ஆனால் ஆடுகிறவர் யார் என்பது அவருக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது. அந்த அறிவு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் விலை சொல்வார்.

தறியாவது நம்முடையதா என்றால் அதுவும் சந்தேகம். நாங்கள் பயன்படுத்தியது யூனிட்டி என்ற மென்பொருள். 2023 செப்டம்பரில் அந்த நிறுவனம், குறிப்பிட்ட வருமானத்தையும் பதிவிறக்கத்தையும் தாண்டினால் ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் கட்டணம் என்று அறிவித்தது. தலைக்குக் காசுகளில் லாபம் பார்க்கிற கேஷுவல் கேம்காரர்கள் உலகம் முழுக்கக் கொதித்துப் போனார்கள். ஒரு வருஷம் கழித்து அதைக் கைவிட்டார்கள். ஆனாலும் தறிக்காரன் நினைத்தால் வாடகையை ஏற்றலாம் என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அதற்கு முன்பே, 2021 ஏப்ரலில் ஆப்பிள், செயலிகள் ஆளைப் பின்தொடர வேண்டுமென்றால் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. ஆடுபவருக்கு நல்ல விதிதான். ஆனால் மலிவாக ஆள் பிடித்து நடந்த தொழிலுக்கு அது பெரிய அடி.

சரி, கேமை மட்டும் அற்புதமாகச் செய்தால் போதாதா? இதற்கு 2014இல் நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். 'த்ரீஸ்' என்று ஒரு எண் புதிர். ஒரு சின்னக் குழு ஒரு வருஷத்துக்கும் மேல் செதுக்கி, பிப்ரவரியில் காசுக்கு விற்றார்கள். நல்ல பெயர் கிடைத்தது. மார்ச்சில் கேப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலியப் பையன் அதே வகையில் '2048' என்பதை ஒரு வார இறுதியில் செய்து, மூல நிரலோடு இலவசமாக விட்டான். உடனே அதை நகல் எடுத்துக் கடைக்கு ஒன்று முளைத்தது. இன்றைக்கு உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், 2048 தெரியும், த்ரீஸ் தெரியாது. எளிய விதி கொண்ட ஆட்டத்தை யாரும் நகல் எடுத்துவிடலாம். தெருமுனையில் ஒரு பேக்கரி நன்றாக ஓடினால் எதிரிலேயே இன்னொன்று வருகிற மாதிரி.

ஆக, நகல் எடுக்கக் கஷ்டமானது எது, ஆள் பிடிக்கச் செலவு குறைவானது எது என்று தேட வேண்டும். இரண்டாவதற்கு நம் நாட்டு உதாரணம் லூடோ கிங். விகாஷ் ஜெய்ஸ்வால் மும்பைப் பக்கம் சின்னதாக நடத்திய நிறுவனம் 2016இல் வெளியிட்டது. லூடோ என்ன ஆட்டம் என்று இந்தியாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பச்சீஸி என்ற நம் ஊர்த் தாய ஆட்டம்தான் இங்கிலாந்து போய் 1896இல் லூடோ என்று காப்புரிமை வாங்கித் திரும்பி வந்தது. தெரிந்த ஆட்டம், சாதாரண போனிலும் ஓடும், குடும்பமாக ஆடலாம். 2020 ஊரடங்கில் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட, அவர் இன்னொருவரைக் கூப்பிட என்று பரவியது. ஆடுபவரே ஆள் பிடித்துக் கொடுத்தால் வரவழைக்கும் செலவு பூஜ்யத்தை நெருங்கும்.

நகல் எடுக்கக் கஷ்டமானது எது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் தமிழ். உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, தொழில்நுட்பமாகவே சொல்கிறேன்.

'கோயம்புத்தூர்' என்பதில் எத்தனை எழுத்து? கோ, ய, ம், பு, த், தூ, ர் என்று மூணாங்கிளாஸ் குழந்தை ஏழு என்று சொல்லிவிடும். கணினியைக் கேட்டால் 13 என்கும். யூனிகோடில் 'கோ' என்பது ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு. 'ம்' என்பது மகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. இன்னொரு தொல்லை, அந்த ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு வேறு வேறு சொல். ஆங்கிலச் சொல் விளையாட்டை எடுத்துத் தமிழ் அகராதியைத் திணித்தால் கட்டத்துக்குள் வெறும் கொம்பும் காலும் புள்ளியும் தனியாக வந்து உட்காரும். கட்டத்தில் எழுத்தைக் காட்டுவதும் தகராறு. நாங்கள் ஆரம்பித்த காலத்தில் யூனிட்டியில் 'கை' என்று எழுதினால் ஐகாரக் குறி ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய எழுத்துருக் குறியீட்டுக்கு மாற்றித்தான் பலரும் சமாளித்தார்கள். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 என்ற இலவச மென்பொருள் தமிழைச் சரியாகக் காட்டியது. திறந்த மூலம், வாடகை ஏற்றுகிற பேச்சே இல்லை. நான் அதற்கு மாறினேன்.

வெளிநாட்டுப் பெரிய பப்ளிஷர் இத்தனை தொல்லையைப் படமாட்டார். படுகிற அளவுக்கு இதில் காசு இல்லை. நமக்கு நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான். கோவை வெட் கிரைண்டரும் இந்த மாதிரி நம் சமையலறையில் இருந்து வந்த பொருள்தானே. இட்லி மாவு ஆட்டுகிறவர் யார் என்று தெரிந்தவர்கள் செய்தார்கள். இன்று அதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

இப்போது நான் தனியாக ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு நடத்துகிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதில் வருவது ஒரு ஆள் சம்பளம் ஆகாது. பகலில் வேறு ஒரு கம்பெனிக்கு வெப் வேலை பார்க்கிறேன். ஆனால் யார் ஆடுகிறார்கள், எந்தச் சொல்லில் திணறுகிறார்கள், எந்த நாள் விட்டுப்போகிறார்கள் என்பது என் கையில் இருக்கிறது. 'அப்பிச்சி' என்பதை ஏன் தப்பு என்று சொல்கிறது என்று ஒரு அம்மா சண்டை போட்டு எழுதியிருந்தார். அன்று ராத்திரியே சேர்த்தேன்.

இறங்க நினைப்பவர்களுக்குச் செலவு விவரம். கூகுள் ப்ளேயில் பதிவுக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளில் வருஷத்துக்கு 99 டாலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு ப்ளேயில் தனிநபர் கணக்கு திறந்தவர்கள், வெளியிடும் முன் குறைந்தது 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதிக்க வைக்க வேண்டும். ஆரம்பத்தில் 20 பேராக இருந்ததைக் குறைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்களைக் கெஞ்சத் தயாராக இருங்கள். கூகுள் விளம்பர வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் தபாலில் வரும், 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். எனவே முகவரியைத் தபால்காரருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

பப்ளிஷரிடம் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கூலித்தறி ஓட்டித்தான் சித்தப்பா ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஆனால் கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள். சோதனை எண்கள் முழுதாக எனக்கு வருமா? நீங்கள் வேண்டாம் என்று விட்ட கேமை நானே வெளியிடலாமா? கேம் யார் கணக்கில் இருக்கும்? மூன்றுக்கும் சரியான பதில் வராவிட்டால், அது கூலி வேலை என்று தெரிந்தே செய்யுங்கள். அதற்குத் தக்க கூலியையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.