பீரோவுக்குள் தூங்கும் ஸ்கேன் ரிப்போர்ட்

பித்தப்பையில் கல் இருக்குமோ என்ற சந்தேகத்தில் வயிற்றுக்கு ஸ்கேன் எடுப்பார்கள். கல் இருக்காது. ரிப்போர்ட்டின் அடியில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். “இது இப்ப எல்லாருக்கும் இருக்குறதுதான் சார், எண்ணெயைக் குறைங்க” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அத்தோடு அந்தத் தாள் பீரோவுக்குள் போய்விடும். மூன்று நான்கு வருடம் கழித்து நெஞ்சுவலி, ஸ்டென்ட், காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் என்று ஒவ்வொன்றாக வரும்போதுதான் வீட்டார் அதைத் தேடுவார்கள். தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் சொன்னது ஒரே கதை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிட வேண்டும். கிரேடு 1 என்பது நோயின் முதல் கட்டம் அல்ல. ஸ்கேன் திரையில் ஈரல் எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது என்பதற்கான அளவு, அவ்வளவுதான். ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. இரத்தக்குழாய் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லாது. ஆனால் கொழுத்த ஈரல் உள்ளவர்களின் உயிரை அதிகம் வாங்குவது ஈரல் அல்ல. இதய, இரத்தக்குழாய் நோய்கள்தான். 2023இல் மருத்துவ உலகம் இந்த நோயின் பெயரையே மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்தது என்ற பொருள் வரும்படி வைத்தது. மதுவைத் தொடாதவருக்கும் இது வரும்.

தொப்பையிலிருந்து கொழுப்பு ஓயாமல் வந்து சேர்வதால் ஈரல் நிரம்பிவிடுகிறது. நிரம்பிய ஈரல் சும்மா இருப்பதில்லை. ட்ரைகிளிசரைடை அளவுக்கு மீறி இரத்தத்தில் தள்ளுகிறது. அதனால் நல்ல கொழுப்பு குறைகிறது. கெட்ட கொழுப்பின் துகள்கள் சிறுத்து அடர்ந்து, குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழைகின்றன. இன்சுலின் சொல்லையும் ஈரல் கேட்பதில்லை, ராத்திரியெல்லாம் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அழற்சிப் புரதங்களும் இரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களும் கூடுகின்றன. ஆரோக்கியமான குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரந்து, தேவைப்படும்போது குழாயை விரியவைக்கும். அந்தச் சுரப்பு குறைந்ததும் குழாய் விறைக்கிறது, பிரஷர் ஏறுகிறது. இதில் எதுவும் வலிக்காது. ஆபத்தே அதில்தான்.

ஆகவே தாளை வெளியே எடுங்கள். ஓர் அங்குல டேப்பும் வேண்டும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபடி அளக்க வேண்டும். பேன்ட் சைஸைச் சொல்லித் தப்பிக்க முடியாது. தொப்பைக்குக் கீழே கட்டும் பேன்ட் பொய் சொல்லும். நம்மவர்களுக்கு எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. பிரஷரும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். வெறும் ‘மொத்தக் கொலஸ்ட்ரால்’ மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று வந்துவிடாதீர்கள். ட்ரைகிளிசரைடு, ஹெச்.டி.எல்., எல்.டி.எல். மூன்றும் தனித்தனியாக வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் எண்ணிக்கை ஆகியவற்றையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

இந்தக் கடைசி மூன்றையும் வயதையும் வைத்துப் போடும் கணக்குக்கு ஃபிப்-4 என்று பெயர். காசு செலவில்லை. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுதி, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். வயது 48, எஸ்.ஜி.ஓ.டி. 42, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் இரண்டு லட்சம் என்றால் 2016ஐ 1600ஆல் வகுக்க 1.26 வரும். 1.3க்குக் கீழே இருந்தால் ஈரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லை 2. உங்கள் வயதுக்கான எல்லைக்கு மேலே போனால், ஈரல் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கணக்கில் தேறிவிட்டாலும் இரத்தக்குழாய் தேறிவிட்டதாக நினைக்க வேண்டாம். 2021 பிப்ரவரியிலேயே மத்திய அரசு ஃபேட்டி லிவரைத் தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டது. ஆனால் இந்தக் கணக்கை யாராவது தானாகப் போட்டுத் தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். கேட்டு வாங்குங்கள்.

கணக்குப் பார்த்த பிறகு செய்ய வேண்டியது எடையைக் குறைப்பது. எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். ஏழிலிருந்து பத்து சதவீதம் குறைந்தால் அழற்சியும் அடங்கும்.

கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டினை நீங்களாக நிறுத்தாதீர்கள். ‘ஈரல் வீங்கியிருக்கு, ஸ்டாட்டின் வேண்டாம்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது தவறு. எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம் ஏறியிருப்பது அதை நிறுத்தக் காரணமாகாது. இயல்பு அளவின் மூன்று மடங்கைத் தாண்டினால் மருத்துவர் யோசிப்பார். அதை யோசிக்க வேண்டியவர் அவர்தான். மறுபடியும் சொல்கிறேன், நிறுத்தாதீர்கள். ‘லிவர் டீடாக்ஸ்’ பொடிகளையும் தொடாதீர்கள். எடை குறைக்கும் குடம்புளி கேப்ஸ்யூல், சீந்தில் மருந்து இவற்றால் ஈரல் கெட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மீன்குழம்பில் போடும் குடம்புளி வேறு, சாரம் இறக்கி அடைத்த கேப்ஸ்யூல் வேறு. உடற்பருமன், சர்க்கரை, இதயநோய் ஆகியவற்றைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விளம்பரத்தைப் படமெடுத்து, தேதி குறித்து, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

இனி மருத்துவக் காப்பீடு. நாமாகச் சொன்னாலும், ‘இதெல்லாம் எழுத வேண்டாம் சார்’ என்று சொல்லி, நோய் பற்றிக் கேட்கும் எல்லாக் கட்டத்திலும் ஏஜென்ட் ‘இல்லை’ என்று டிக் செய்வார். அவருக்குக் கமிஷன் வந்துவிடும். பிறகு மறுப்புக் கடிதம் வருவது உங்கள் வீட்டுக்கு. ஸ்கேனில் வந்த ஃபேட்டி லிவரைத் தேதியோடு படிவத்தில் எழுதுங்கள், ரிப்போர்ட் நகலை இணையுங்கள். எழுதினால் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் அதிகபட்சம் 36 மாதம். மறைத்தால் 60 மாதம் முடியும்வரை கத்தி தலைக்கு மேல் தொங்கும். அதற்குப் பிறகு, மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது.

எழுதியும் மறுக்கிறார்களா? சர்க்கரையைச் சொல்லிவிட்டு, ஸ்டாட்டின் சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று மாரடைப்புச் செலவு மறுக்கப்பட்ட மன்மோகன் நந்தா வழக்கில், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நோயாளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எந்த விதியின்கீழ் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். மருத்துவமனைப் பதிவேட்டை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி சொல்கிறது. வாய்மொழியாகக் கேட்டு அலையாதீர்கள். முதல் புகார் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் போக வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அதே வழக்கை நுகர்வோர் நீதிமன்றத்தில் போட்டிருக்கக் கூடாது. பாலிசி, முன்மொழிவுப் படிவத்தின் நகல், பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, மறுப்புக் கடிதம், நீங்கள் அனுப்பிய புகார், அதன் ஒப்புகை எல்லாவற்றையும் இணையுங்கள்.

குறைதீர்ப்பாளரிடம் போக ஒரு வருடம்தான் கெடு. மறுப்புக் கடிதம் வந்த கவரைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கிறது.