அடுத்தவர் நஞ்சுக்கு நம் ஊர்ப் புகைபோக்கியா?

1989 ஆகஸ்டில் ‘குதோஸ்னிக் பகோமோவ்’ என்ற சோவியத் சரக்குக் கப்பல் லிவர்பூல் துறைமுகத்துக்கு வந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏற்றிய கன்டெய்னர்கள் அதில் இருந்தன. உள்ளே பி.சி.பி. கழிவு. சட்டப்படி தடை எதுவும் இல்லை. கழிவை எரிக்க உரிமம் பெற்ற ஆலை ஒன்று வேல்ஸில் காத்திருந்தது. ஆனால் துறைமுகத் தொழிலாளர்கள், “இதைத் தொட மாட்டோம்” என்று நின்றுவிட்டார்கள். டில்பரி துறைமுகத்திலும் இதே மறுப்புதான். இறக்காத சரக்கோடு அட்லாண்டிக்கைத் திரும்பக் கடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தத் தொழிலாளர்கள் அப்போது வெற்றி மிதப்பில் இருந்தவர்கள் அல்லர். நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவர்களுக்கு வேலைப் பாதுகாப்பு தந்த திட்டத்தை பிரிட்டனின் தாட்சர் அரசு ஜூலையில் ரத்து செய்திருந்தது. எதிர்த்து நடந்த வேலைநிறுத்தமும் தோற்றிருந்தது. சொந்த வேலையே ஆடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் யாரோ ஊருக்குப் போகும் நஞ்சைத் தடுத்தார்கள்.

இந்தக் கழிவு கப்பல் ஏறிய கதை ஒரு தீயில் தொடங்குகிறது. மாண்ட்ரியாலுக்கு அருகே சேன் பசீல் லெ கிரான் என்ற சிற்றூர். 1988 ஆகஸ்ட் 23 இரவு அங்கே பி.சி.பி. எண்ணெய் வைத்திருந்த கிடங்கு பற்றி எரிந்தது. சுற்றுவட்டாரத்தில் 3,000-க்கும் அதிகமானோர் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். 18 நாட்கள் கழித்தே திரும்ப முடிந்தது. மிஞ்சிய கழிவை எங்காவது அனுப்பித் தலைமுழுகிவிட வேண்டும் என்ற அவசரம் மாகாண அரசுக்கு.

பி.சி.பி. என்பது பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல். எளிதில் தீப்பிடிக்காது, சூட்டைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் டிரான்ஸ்பார்மர்களுக்கும் கெபாசிட்டர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான எண்ணெய் இல்லை என்று பல பத்தாண்டுகள் உலகமே நம்பியது. எதற்கும் அசையாத அந்தக் குணமே பிறகு வினையானது. மண்ணில் விழுந்தால் மட்காது. உடம்பில் சேர்ந்தால் கொழுப்பில் தங்கிவிடும். 1968-இல் மேற்கு ஜப்பானில் ஒரு தவிட்டெண்ணெய் ஆலையில், எண்ணெயைச் சூடாக்கும் குழாயிலிருந்து பி.சி.பி. கசிந்து சமையல் எண்ணெயில் கலந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் முதுகிலும் கரும்பருக்கள் வெடித்தன. பாதிக்கப்பட்ட தாய்மார்களுக்குத் தோல் கருத்த குழந்தைகள் பிறந்தன.

இதை அழிக்க எரிக்கலாம். ஆனால் சும்மா எரித்தால் பி.சி.பி.யைவிடக் கொடிய டையாக்சினும் ஃபியூரானும் உண்டாகும். 1,100 டிகிரிக்கு மேலான சூட்டில், போதிய ஆக்சிஜனோடு, வாயு குறைந்தது இரண்டு விநாடியாவது தங்க வேண்டும். உலையின் சூடு கொஞ்சம் இறங்கினாலும் கதை மாறிவிடும். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவரின் பயம் முழுவதும் அந்த இறக்கத்தைப் பற்றியதுதான். ஆலையைச் சுற்றிக் காட்டி, குளிர்பானம் கொடுத்து அனுப்பினால் தீராத பயம் அது.

கழிவு போகவிருந்த ஊர் தெற்கு வேல்ஸின் பொன்டிபூல். 1974-இல் அங்கே தொடங்கிய ரீகெம் ஆலை, வெளிநாட்டுக் கழிவையும் கட்டணம் வாங்கி எரித்தது. பொன்டிபூலிலிருந்து அதிகத் தொலைவில்லாத நியூபோர்ட்டில்தான் மான்சாண்டோ நிறுவனம் 1977 வரை பி.சி.பி. தயாரித்தது. ஆக, செய்த பாவமும் கழுவும் வேலையும் ஒரே வட்டாரத்தின் தலையில். ஆலையைச் சுற்றியிருந்த மக்கள் புகையையும் நாற்றத்தையும் பற்றி ஆண்டுக்கணக்கில் முறையிட்டுவந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பகுதியில் மாதிரிகள் எடுத்தபோது, ஆலைக்கு அருகே வளர்ந்த வாத்து, கோழிகளின் முட்டைகளில் பி.சி.பி.யும் டையாக்சினும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. கொல்லையில் கோழி வளர்ப்பவருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் விளக்கத் தேவையில்லை.

கப்பல் திரும்பியதோடு முடிந்திருந்தால் இது எளிய கதை. முடியவில்லை. கியூபெக் அரசு கழிவை செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வடகரையில், தொலைவிலுள்ள பே கோமோ ஊருக்குக் கொண்டுபோனது. எரிந்தது இன்னோர் ஊரின் கிடங்கு. பே கோமோக்காரர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் துறைமுகத்தை மறித்தார்கள், போலீஸ் இறங்கியது, கழிவு இறங்கியது. கனடாவின் அன்றைய பிரதமர் பிரையன் மல்ரோனி பிறந்த ஊரே அதுதான் என்பது வேறு. பிரதமரின் சொந்த ஊர் என்பதால் எல்லாம் சலுகை கிடைத்துவிடாது போல.

இத்தனைக்கும் அதே 1989 மார்ச் 22-இல்தான், நச்சுக்கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை நிறைவேறியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, நைஜீரியாவின் கோகோ துறைமுகத்தில் இத்தாலியக் கழிவு ஆயிரக்கணக்கான பீப்பாய்களில் கொட்டப்பட்டது அம்பலமானது. திருப்பி எடுத்துவந்த ‘காரின் பி’ கப்பலை பிரிட்டன் உட்படப் பல நாடுகள் சேர்க்க மறுத்தன. உடன்படிக்கையின் உயிர்நாடி முன்ஒப்புதல்: என்ன கழிவு, எவ்வளவு என்று ஏற்றுமதி செய்யும் நாடு எழுத்தில் சொல்ல வேண்டும், இறக்குமதி செய்யும் நாடு எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு அனுப்புவதைத் தடுக்கும் திருத்தம் 1995-இல் வந்து, 2019 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கனடாவும் பிரிட்டனும் பணக்கார நாடுகள். அந்தத் தடை இவர்களைத் தொடாது. சம்மதம் என்று உடன்படிக்கை சொல்வது தலைநகரத்தின் கையெழுத்தை. புகைபோக்கிக்குக் கீழே இருப்பவர் அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை. லிவர்பூலில் நடந்ததை அந்த விடுபட்ட கையெழுத்தின் வேலையாகவே பார்க்கிறேன்.

“எல்லா ஊரும் வேண்டாம் என்றால் கழிவு எங்கேதான் போகும்?” என்பது வழக்கமான கேள்வி. நியாயமானதும்கூட. கனடாவிலேயே அதற்கு ஒரு பதில் இருந்தது. ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஸ்வான் ஹில்ஸ் என்ற சிற்றூர், நச்சுக்கழிவு ஆலை வேண்டுமா என்று 1984-இல் வாக்கெடுப்பு நடத்தியது. 79 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். எண்ணெய் வயலை நம்பிய ஊர். வேலை வாய்ப்பு தேவைப்பட்டது. மாகாணம் முதலில் விவரங்களைச் சொன்னது, விருப்பமுள்ள ஊர்கள் முன்வந்தன, பிறகே இடம் முடிவானது. ஆலை 1987-இல் திறந்தது. ஆனால் வெளி மாகாணக் கழிவை 1990-களின் நடுப்பகுதி வரை ஆல்பர்ட்டா சேர்க்கவில்லை. உள்நாட்டில் ஆலை இருந்தும் கியூபெக் கடல் கடந்த ஆலையைத் தேடியதற்கு இது ஒரு காரணம்.

கேட்டுச் செய்தாலும் ஆபத்து போய்விடாது. 1996 அக்டோபரில் ஸ்வான் ஹில்ஸ் ஆலையில் பி.சி.பி. கசிந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிடித்த மீனையும் வேட்டை இறைச்சியையும் அளவாகச் சாப்பிடும்படி அரசு எச்சரித்தது. வேண்டும் என்று வாக்களித்தவர்களில் பலர் வேட்டையாடிச் சாப்பிடுபவர்கள். அந்தக் காட்டில் வாழ்ந்த பழங்குடியினருக்கோ அந்த வாக்கெடுப்பில் இடமே இருக்கவில்லை.

கியூபெக் கழிவு? வெளியே அனுப்பும் வழி அடைபட்ட பிறகு, 1990-களில் நடமாடும் எரிஉலைகளைத் தருவித்து மாகாணத்துக்குள்ளேயே அழித்தார்கள். பே கோமோ அதுவரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது.