பசுமை என்னும் சொல்: நிறமும் நிலையும்

தாவரங்களைச் சிறப்பிக்கும் அடைமொழிகளுள் பெருவழக்கினது ‘பசுமை’. பசுமை + கொடி எனப் புணருங்கால் ஈற்று மை கெட்டு, இடை உகரமும் சகரமும் நீங்கி, அடி அகரம் ஐகாரமாகிப் ‘பைங்கொடி’ என நிற்கும். இவ்வடிவ மாற்றத்தை நன்னூல் தெளிவுறுத்துகிறது. பொருளோ அத்துணைத் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. பச்சை நிறமே இதன் முதற்பொருள் எனக் கொண்டு பழம்பாடல்களைப் படிப்பதும் மொழிபெயர்ப்பதும் இன்று இயல்பாகிவிட்டன.

மாந்தளிர் இக்கொள்கைக்கு முதல் தடை. துளிர்க்கும் பருவத்தில் அது செம்புநிறம் கொண்டது. பச்சையம் மிகுமுன் ஆந்தோசயனின் என்னும் நிறமியே அதில் மேலோங்கும். எனினும் அதனைப் ‘பைந்தளிர்’ என்பதில் முரண் ஏதுமில்லை. அங்கு அடைமொழி சுட்டுவது நீர்மை வற்றாத இளமையையே. திருக்குறள் (660) கூறும் பசுமட்கலம் சுடப்படாத மண்கலம். அதற்கும் பச்சை நிறத்திற்கும் தொடர்பில்லை. பச்சைக் குழந்தை, பச்சைத் தண்ணீர் ஆகிய வழக்குகளும் அத்தகையனவே. பச்சைக் கருப்பூரம் வெண்ணிறமுடையது என்பதையும் ஈண்டு நினைக்கலாம்.

இனமொழிகளும் இருபொருளையும் காட்டுகின்றன. கன்னடத்தில் ‘ஹசி’ பக்குவப்படாததையும் ‘ஹசிரு’ பச்சை நிறத்தையும் குறிக்கும். தெலுங்கில் ‘பச்சி’ என்பது பக்குவப்படாதது, ‘பச்ச’ மஞ்சள் நிறத்திற்கும் பச்சை நிறத்திற்கும் பொது, ‘பசுபு’ மஞ்சள்.

ஆயினும் இளமைப் பொருள் ஒன்றே எல்லா இடத்தும் பொருந்தாது. ‘பசும்பொன்’ என்பதிலேனும் மாற்றுக் குறையாத தூய்மை எனக் கொள்ள இடமுண்டு. ‘பசலை’யில் அதுவும் இல்லை. வெள்ளிவீதியார் பாடலில் (குறுந்தொகை 27) தலைவியின் மாமையழகை உண்ண முனைவது பசலை. அது நலம் அழிந்த நிலை. சங்கப் புலவர் அதற்குப் பீர்க்கம்பூவை உவமையாக்கினர். அப்பூ மஞ்சள் நிறத்தது. எனவே பசு என்னும் அடி, பச்சை முதல் பொன்மஞ்சள் வரை பரந்த ஒரு நிறப்பரப்பையும் குறித்தது எனல் வேண்டும்.

இவ்விரு பொருளில் எது முந்தியது என்பதை இச்சான்றுகள் மட்டும் கொண்டு முடிவுகட்ட இயலாது. நிலைப்பொருளை நிறத்திலிருந்து பிறந்த ஆகுபெயராக மட்டும் கொள்வது பசுமட்கலத்திற்கு வலிந்து பொருள் காண்பதாகும். அகராதியில் இரண்டும் தனித்தனிப் பொருளாகவே இடம்பெறத் தக்கன. மொழிபெயர்ப்பாளரும் ‘பைந்தளிர்’ என்னுமிடத்து, அது எம்மரத்தின் தளிர் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.