குளிர்காலச் சண்டைக்காரன்

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1849இல் பெர்த்தோல்ட் என்பவர் இளஞ்சேவல்களின் விரைகளை நீக்கிப் பார்த்த கதையைச் சென்ற வாரம் சொன்னேன். விரை போனால் கொண்டை சுருங்கும், கூவல் நிற்கும், சண்டைக் குணமும் போய்விடும். அதே விரையை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் பொருத்தினால் எல்லாம் திரும்பிவிடும். இந்தக் கணக்குக்கு அடங்காத பறவை ஒன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது.

அதன் பெயர் சாங் ஸ்பாரோ. பழுப்பு உடம்பு, மார்பு நிறைய வரிகள், நடுவில் ஒரு கரும்பொட்டு. பெயரில்தான் குருவி, நம் வீட்டுச் சிட்டுக்குருவிக்கு நெருங்கிய சொந்தமில்லை. வாஷிங்டனின் மேற்குப் பகுதியில் இது வலசை போவதில்லை. ஆண் பறவை குளிர்காலத்திலும் தன் எல்லையை விட்டுக்கொடுக்காது. கூண்டில் வேறோர் ஆணை வைத்து, பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டை ஓடவிட்டால் போதும். எல்லைக்காரன் பாய்ந்து வருவான். கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பறப்பான். பாடுவான், இறக்கையை உயர்த்தி அசைத்து மிரட்டுவான்.

வசந்தத்தில் இதில் வியப்பில்லை. அப்போது விரைகள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ரத்தத்தில் மிகுந்திருக்கும். குளிர்காலத்திலோ விரைகள் சுருங்கிப்போய், ரத்தத்தில் அந்த ஹார்மோன் இருக்கிறதா என்றே தெரியாது. சண்டை மட்டும் ஓய்வதில்லை. ஆய்வாளர் ஜான் விங்ஃபீல்ட் விரைகளை அகற்றியே பார்த்தார். அப்போதும் எல்லைக் காவல் நடந்தது.

அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த கிரன் சோமா வேறு இடத்தில் தேடினார். மூளையில் அரோமடேஸ் என்றொரு நொதி உண்டு. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது அதன் வேலை. அந்த நொதியை முடக்கும் மருந்தைக் குளிர்காலத்து ஆண்களுக்குக் கொடுத்ததும் ஆவேசம் தணிந்தது. கூடவே ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்ததும் பழைய ஆவேசம் திரும்பியது. 2000இல் வெளியான முடிவு இது. ‘ஆண்மைக் குணம்’ என்று நாம் நினைக்கும் சண்டையை, ‘பெண் ஹார்மோன்’ என்று பாடப்புத்தகம் பெயர் வைத்த பொருள் நடத்துகிறது. அந்தப் பெயர்களை இனி கைவிட்டால் நல்லது என்பேன்.

குளிர்காலத்தில் அந்த ஈஸ்ட்ரோஜனுக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? டிஎச்இஏ என்றொரு ஸ்டீராய்டு குளிர்காலத்திலும் ரத்தத்தில் இருக்கிறது. தன்னளவில் அதற்குப் பெரிய வேகமில்லை. மூளையின் நொதிகள் அதை வாங்கிப் படிப்படியாக மாற்றிக்கொள்கின்றன. ஊருக்கெல்லாம் போகும் குழாய்த் தண்ணீர் நின்றுபோனால் வீட்டுக் கிணற்றில் இறைத்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு. குளிரில் டெஸ்டோஸ்டிரோன் உடல் முழுக்க ஓடினால் சேமித்த கொழுப்பு கரையும், நோய் எதிர்ப்பு தளரும், தவறான பருவத்தில் இணைசேரும் வேட்கை கிளம்பும். அந்தச் செலவெல்லாம் இல்லாமல் சண்டையை மட்டும் வைத்துக்கொள்ளும் வழி இது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

அடுத்தது வேகம். ஹார்மோன் என்றாலே நாள் கணக்கில், வாரக் கணக்கில் வேலை செய்வது என்றுதான் படித்திருக்கிறோம். நம் ஊர்க் கடைகளிலும் ஜோடியாக விற்கும் ஜீப்ரா ஃபின்ச் பறவை அந்த எண்ணத்தை மாற்றியது. அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. ஆண் மட்டுமே பாடும். ஆணின் ரத்தத்தில் உள்ள ஈஸ்ட்ரோஜனே மூளையிலிருந்து வருவதுதான் என்று பார்னி ஷ்லிங்கரும் ஆர்தர் ஆர்னால்டும் 1992இல் காட்டினார்கள். 2008இல் லூக் ரமேஜ்-ஹீலியும் ஷ்லிங்கரும் விழித்திருக்கும் ஆண் பறவையின் மூளைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அரைமணிக்கு ஒருமுறை திரவம் எடுத்து அளந்தார்கள். பெண் பறவையோடு இருந்த நேரத்துக்குள்ளேயே, செவிப்புலப் பகுதியில் ஈஸ்ட்ரோஜன் ஏறிவிட்டது.

ஏறி என்ன செய்கிறது? கேட்கும் திறனைக் கூர்மையாக்குகிறது. அந்தப் பகுதியின் நரம்புச் செல்கள் பாட்டுக்கு இன்னும் வலுவாகத் துடிக்கின்றன. ஆண் ஜீப்ரா ஃபின்ச் அடுத்தவன் பாட்டைவிடத் தன் பாட்டைக் கேட்கவே விரும்பும் (பாடகர்களில் இது அதிசயமா என்ன!). மூளையின் இடப்பக்கச் செவிப்புலத்தில் அரோமடேஸை முடக்கியதும் அந்த விருப்பம் மறைந்தது. 2010இல் வந்த முடிவு இது.

மனித மூளையிலும் அரோமடேஸ் இருக்கிறது. அதே நொதியைத் தடுக்கும் மாத்திரைகளை மார்பகப் புற்றுநோய்க்காக உலகெங்கும் பெண்கள் ஆண்டுக்கணக்கில் உட்கொள்கிறார்கள். மருந்து மூளையில் என்ன செய்கிறது என்ற கேள்வியும் இந்தப் பறவை ஆய்வாளர்களின் மேசைக்கு வந்துவிட்டது.

அடுத்த வாரம், வளர்ந்த கேனரியின் மூளையில் புதிய நரம்புச் செல்கள் பிறப்பதைக் கண்ட ஃபெர்னாண்டோ நோட்டபோமைப் பார்ப்போம்.