சாக்கே: கைகண்ட வேதியியல்

மதுவைப் பற்றி மாணவன் எழுதலாமா என்று புருவம் நெரிப்போர் பொறுத்தருள்க! நான் சொல்லப் புகுவது போதையை அன்று. அரிசிக்குள் நிகழும் வேதியியலையும், அதைக் கையாலேயே கண்டறிந்த உழவர்களின் அறிவையும்தான்.

ஜப்பானில் கியோட்டோ நகரின் தென்பகுதியில், ஊற்று நீருக்குப் பேர்போன ஃபுஷிமி என்னும் இடம் உள்ளது. அங்கு 1637-ஆம் ஆண்டில் ஓகுரா ஜிஎமோன் என்பவர் தொடங்கிய சாக்கே ஆலைதான் இன்றைய கெக்கெய்கான்.

திராட்சையில் சர்க்கரை இயற்கையாகவே உண்டு. அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. ஈஸ்ட் அதைத் தொடாது. ஆகவே ஆவியில் வெந்த அரிசியின்மேல் 'கோஜி' என்னும் பூஞ்சணத்தை வளர்க்கின்றனர். அதன் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, அதே தொட்டியில் அதே வேளையில் ஈஸ்ட் அச்சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. காய்ச்சி வடிக்காமலே சாராயம் சுமார் 20 விழுக்காடு வரை ஏறுவது இதனால்தான்.

இதைச் செய்தவர்கள் யார்? அறுவடை முடிந்ததும் குளிர்காலக் கூலிக்கு வந்த உழவர்கள். அவர்கள் தலைவருக்குத் 'தோஜி' என்று பெயர். கெடாமலிருக்கச் சாக்கேயைச் சூடாக்கும் வழக்கம், பாஸ்டர் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானில் இருந்தது! டோக்கியோவில் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் அட்கின்சன் 1881-இல் இதனை வியந்து எழுதினார். வெப்பமானி ஏது? சூடேறிய சாக்கேயின் மேற்பரப்பில் விரலால் 'நோ' என்ற எழுத்தை எழுதிப் பார்ப்பார்கள். ஒருமுறை எழுதும் மட்டுமே சூடு பொறுக்குமானால் பதம் சரி.

ஆனால் சூடாக்கியதைப் பழைய மரத்தொட்டியிலேயே மீண்டும் ஊற்றினர். கிருமி அங்கே காத்திருந்தது. செய்முறை தெரிந்தும் காரணம் தெரியாமையால், பாடுபட்டுக் காய்ச்சியது பல வேளைகளில் பாழாயிற்று. பின்னர் சாலிசிலிக் அமிலம் கலந்து காக்கும் முறையும் வந்தது.

1886-இல் தந்தையை இழந்து, 13 வயதில் இவ்வாலையின் பொறுப்பேற்ற பதினோராம் தலைமுறை ஓகுரா ட்சுனெகிச்சி, 1909-இல் ஆலைக்குள்ளேயே ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். இரண்டே ஆண்டுகளில் அமிலம் கலவாத புட்டிச் சாக்கே விற்பனைக்கு வந்தது. என் எண்ணத்தில், இவ்வாலையின் வரலாற்றிலேயே பெரிய நிகழ்ச்சி இதுவே.

அறிவியல் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியும் கொண்டது. 1961-இல் ஆண்டு முழுதும் இயங்கும் குளிர்சாதன ஆலையை இந்நிறுவனம் கட்டியது. குளிர்காலத்துக்கென்று காத்திருக்க வேண்டிய தேவை அங்கே இல்லாமற் போயிற்று; ஊர்விட்டு வரும் உழவர்களும் நாடெங்கும் அருகி வந்தனர். கோஜியால் சாக்கே செய்யும் மரபுத் திறனை யுனெஸ்கோ 2024-இல் தன் பட்டியலில் சேர்த்தது. அவ்வுழவர்கள் புழங்கிய மரத்தொட்டிகளும் துடுப்புகளும் 1982 முதல் ஃபுஷிமியில் உள்ள பழைய ஆலைக் கட்டடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.