எல்லா நகலும் மூலமே

விக்கிப் பக்கம் ஒன்றை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய பிரதியில் ஒரு வாக்கியம் இருக்கிறது. மற்றவருடையதில் அது இல்லை. முதலாமவர் புதிதாகச் சேர்த்தாரா, இரண்டாமவர் வேண்டுமென்றே நீக்கினாரா? இரு பிரதிகளையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. இருவரும் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினார்களோ, அந்தப் பழைய பக்கமும் கையில் இருந்தால் நொடியில் தெரிந்துவிடும். அதில் அந்த வாக்கியம் இருந்திருந்தால் இரண்டாமவர் நீக்கியிருக்கிறார். இல்லையென்றால் முதலாமவர் சேர்த்திருக்கிறார். நிரலாளர்கள் இதை 'த்ரீ-வே மெர்ஜ்' என்பார்கள். பழையதைப் பத்திரப்படுத்தி வைத்தால்தான் புதியவை இரண்டைச் சேர்க்க முடியும் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

1995 மார்ச்சில் அமெரிக்காவில் வார்டு கன்னிங்காம் முதல் விக்கித் தளத்தைத் திறந்தார். யாரும் திருத்தலாம் என்றால் யாரும் கெடுக்கவும் செய்யலாம். கெடுத்ததைத் திரும்பப் பெற முடியும் என்ற உறுதி இருந்தால்தான் கதவைத் திறந்து வைக்க மனம் வரும். இந்தச் சிக்கலை நிரலாளர்கள் வெகுகாலம் முன்பே சந்தித்திருந்தார்கள். 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்டும், 1980களின் தொடக்கத்தில் வால்டர் டிஷியும் நிரல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்களை எழுதினார்கள். டிஷியின் ஆர்சிஎஸ் கடைசிப் பதிப்பை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டிய வேறுபாடுகளை மட்டும் குறித்துக்கொள்ளும். 1998இல் வந்த டிவிக்கி என்ற விக்கி மென்பொருள் தன் பக்கங்களின் வரலாற்றை இந்த ஆர்சிஎஸ்ஸிடமே ஒப்படைத்தது.

2005 ஏப்ரலில் லினஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலுக்காக 'கிட்' என்ற பதிப்பாளுகை மென்பொருளை எழுதினார். அடுத்த ஆண்டு டெபியன் லினக்ஸ் குழுவைச் சேர்ந்த ஜோயி ஹெஸ் 'இக்கிவிக்கி' என்ற விக்கி மென்பொருளை வெளியிட்டார். அது சப்வெர்ஷன் என்ற இன்னொரு பதிப்பாளுகை மென்பொருளில் தொடங்கி, பிறகு கிட்டையும் ஏற்றுக்கொண்டது. இதில் விக்கிப் பக்கம் என்பது ஒரு சாதாரண உரைக் கோப்பு. உலாவியில் திருத்திச் சேமித்தால் அது கிட்டில் ஒரு பதிவாகிறது. உங்கள் கணினியில் நோட்பேடு போன்ற ஒன்றில் எழுதி அனுப்பினாலும் அதே வகைப் பதிவுதான்; வந்து சேர்ந்ததும் இக்கிவிக்கி விழித்துக்கொண்டு, மாறிய பக்கத்தையும் அதைச் சார்ந்த பக்கங்களையும் மட்டும் புதிதாக ஆக்குகிறது. நீங்கள் திருத்தத் தொடங்கியபோது பக்கம் எந்த நிலையில் இருந்தது என்பதையும் குறித்து வைத்திருப்பதால், நடுவில் இன்னொருவர் சேமித்துவிட்டாலும் இரண்டையும் இணைக்கப் பார்க்கும். முடியாதபோதுதான் மோதிய வரிகளை உங்கள் முன் வைத்து முடிவைக் கேட்கும்.

விக்கிப்பீடியாவின் பக்க வரலாறு அதன் வழங்கிகளில் உள்ள தரவுத்தளத்தில் இருக்கிறது. மாறாக, கிட்டில் இருக்கும் விக்கியை நகலெடுத்தால், கடைசிப் பக்கங்களோடு முதல் நாள் முதல் நடந்த அத்தனை திருத்தங்களும், செய்தவர் பெயரும், காரணக் குறிப்பும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. இணையம் இல்லாத இடத்தில் உட்கார்ந்து எழுதலாம், பழையதைப் புரட்டலாம். இணைப்பு வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம். வழங்கி எரிந்துபோனாலும் எவரிடமாவது முழு நகல் இருந்தால் விக்கி மறுபடி எழும்.

ஆனால் யாரோ வைத்திருக்கும் நகலை எப்படி நம்புவது? ஒவ்வொரு பதிவின் உள்ளடக்கத்தையும் கணக்கிட்டு கிட் அதற்கு 40 குறிகள் கொண்ட ஒரு கைரேகையை உண்டாக்குகிறது. அந்தக் கணக்கில் முந்தைய பதிவின் கைரேகையும் அடக்கம். ஐந்தாண்டுக்கு முந்தைய பக்கத்தில் யாராவது ஒரு கால்புள்ளியை மாற்றினால் அந்தப் பதிவின் கைரேகை மாறும்; அதனால் அடுத்தது மாறும்; இப்படியே இன்றைய பதிவு வரை எல்லாம் மாறிவிடும். கடைசிப் பதிவின் கைரேகை ஒன்றை மட்டும் ஒப்பிட்டால் போதும், முழு வரலாறும் கலப்படமில்லாதது என்று சொல்லிவிடலாம். 2017இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களும் கூகுளும் சேர்ந்து, இந்தக் கணக்குமுறையான ஷா-1இல் ஒரே கைரேகை கொண்ட இரு வேறு கோப்புகளை உண்டாக்கிக் காட்டினார்கள். அந்த வகைத் தாக்குதலைக் கண்டறியும் ஏற்பாட்டைக் கிட் சேர்த்துக்கொண்டது. ஷா-256 என்ற வலுவான கணக்குமுறைக்கும் பின்னர் இடம் கொடுத்தது.

தமிழில் இப்படி விக்கி நடத்துபவர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம்; எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கிட்டுக்கோ இரண்டும் வேறு. இரு விசைப்பலகைகள் இரு விதமாக எழுதினால், கண்ணுக்குத் தெரியாத திருத்தங்கள் வரலாற்றில் குவியும். சேமிக்கும் முன் உரையை ஒருங்குறியின் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் 'ம' என்ற ஓரெழுத்து '\340\256\256' என்று அச்சாகி மிரட்டும், கிட்டின் 'கோர்.கோட்பாத்' அமைப்பை அணைத்துவிட்டால் பெயர் தமிழிலேயே தெரியும். கிட் வரி வரியாக ஒப்பிடுவதால், ஒரு பத்தியை ஒரே நீள வரியாக எழுதினால் ஒரு சொல் மாறினாலும் பத்தி முழுதும் மாறியதாகக் காட்டும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுவது நல்லது; உரைக் கோப்பைப் பக்கமாக வடிவமைக்கும் மார்க்டவுன் முறை அவற்றைச் சேர்த்துப் பத்தியாக்கிவிடும், மோதல்களும் வெகுவாகக் குறையும்.

குறைகளும் உண்டு. பெரிய படங்களைப் போட்டுப் பிறகு அழித்தாலும் அவை எல்லா நகலிலும் எடையாகத் தங்கிவிடும். தவறுதலாக ஏற்றிய ஒருவரின் தொலைபேசி எண்ணை வரலாற்றிலிருந்து நீக்குவது எளிதல்ல. நீக்கினால் அதற்குப் பிந்தைய கைரேகைகள் எல்லாம் மாறும். பிறரிடம் உள்ள நகல்களில் அது அப்படியே கிடக்கும். எதையும் மறக்காத இடத்தில் எதை எழுதுகிறோம் என்ற கவனம் கூடுதலாக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, ஊர் வரலாறு, வட்டாரச் சொற்கள், பாரம்பரிய நெல் விவரம் என்று நீண்டகாலம் நிலைக்க வேண்டியவற்றைத் தொகுப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் பங்களிக்கும் விக்கி எதுவாயினும் அதை நடத்துபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பக்கங்களும் வரலாறும் சேர்ந்த முழு நகல் இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது? ஒருவரிடம்தான் என்றால், இரண்டாவது நகலை இந்த வாரமே நீங்கள் எடுத்து வையுங்கள்.